சின்ன வெங்காயம் எந்தத் தண்ணீரைக் குடித்தது?

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, பெரம்பலூர் பக்கம் என் தாய்மாமா சின்ன வெங்காயம் போடுகிறார். அது மூட்டையாகி இங்கே பினாங்குக்கே வருகிறது. அவருடைய 700 அடி போர்க் கிணறு போன சித்திரையில் காற்று இழுக்க ஆரம்பித்துவிட்டது. 1,000 அடிக்கு இறக்கப் போகிறேன், கொஞ்சம் பணம் அனுப்பு என்கிறார். என் மனைவியோ, நாம் வாங்கித் தின்பதால்தான் அங்கே கிணறு வற்றுகிறது, இனிமேல் இந்திய வெங்காயமே வேண்டாம் என்கிறார். அவர் சொல்வது சரியா? பணம் அனுப்பலாமா?"

தம்பி, முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1,000 அடி போருக்கு அனுப்பாதீர்கள். மாமாவுக்கு உதவ வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். உங்கள் மனைவி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் நிலவியல் படித்தது தமிழ்நாட்டில். படிப்பின் கடைசி ஆண்டில் எங்களுக்குக் கொடுத்த வேலை, திருச்சி வட்டாரத்துக் கிணறுகளில் நாடாவை இறக்கி நீர்மட்டம் அளப்பது. நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டதும் மேலே கையில் இருக்கும் சுருளில் 'பீப்' என்று சத்தம் வரும். ஒரு தோட்டத்தில் நான்கு தலைமுறைக் கதையும் ஒரே கிணற்றுக்குள் தெரிந்தது. மேலே 40 அடி வரைக்கும் கருங்கல் கட்டு, கமலை இறைத்த காலத்தில் கயிறு உராய்ந்த தடத்தோடு. அதற்குக் கீழே வெடி வைத்துப் பிளந்த பாறை. அதற்கும் கீழே கிணற்றின் பக்கச் சுவரில் குடைந்த துளைகள். எல்லாவற்றுக்கும் அடியில், கிணற்றின் தரையிலேயே இறக்கிய போர்க்குழாய். என் நாடா 300 அடியைத் தாண்டியும் சத்தம் வரவில்லை. தோட்டக்கார அம்மா பக்கத்தில் நின்று, "இன்னும் விடுங்க தம்பி, இருக்கும், இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. பெரம்பலூரின் மேற்குப் பக்கமும் அப்படித்தான். பாறைக்குள் ஏரி மாதிரியோ ஆறு மாதிரியோ தண்ணீர் ஓடுவதில்லை. மேலே மக்கிப்போன பாறையில் ஓரளவு, அதற்குக் கீழே வெடிப்புகளில் கொஞ்சம், அவ்வளவுதான் இருக்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் இறுகி, தண்ணீர் நிற்கும் இடமும் குறையும். 1,000 அடியில் கிடைப்பது புதுத் தண்ணீர் என்று மாமா நினைக்கலாம். பெரும்பாலும் அது மேலிருந்து பல ஆண்டுகளாகக் கசிந்து இறங்கிய சேமிப்பு. இரண்டு கோடை ஓடும், மூன்றாவது கோடையில் அதுவும் காற்று இழுக்கும். கடன் மட்டும் நிற்கும்.

சில எண்களைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பெரம்பலூரில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. பினாங்கில் பெய்வதில் பாதிகூட இல்லை. பாறை நிலத்தில் அந்த மழையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 மில்லிமீட்டர், நிலத்துக்குள் இறங்கினாலே நல்ல ஆண்டு. ஓர் ஏக்கருக்கு அது ஏறத்தாழ 3.6 லட்சம் லிட்டர். சின்ன வெங்காயம் விதைத்ததிலிருந்து பிடுங்கும் வரை 400 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்கும் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 16 லட்சம் லிட்டர். ஆக, கிணற்றை மட்டும் நம்பி ஓர் ஏக்கர் வெங்காயம் போட்டால் நாலரை ஏக்கரில் இறங்கிய ஓர் ஆண்டு மழையை அது குடித்துவிடுகிறது. ஏக்கருக்கு 5 டன் விளைந்தால் கிலோவுக்கு 300 லிட்டருக்கும் மேல். ஐப்பசி மழையில் வளர்ந்த பயிர் என்றால் இதில் பெரும்பகுதியை வானம் கொடுத்துவிடும். தை மாதத்துக்குப் பிறகு போட்ட பயிர் என்றால் அத்தனையும் கிணற்றிலிருந்துதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் மனைவியின் கேள்விக்கு வருவோம். அவர் சொன்ன கருத்துக்குத் தமிழில் 'மறைநீர்' என்று பெயர். விளைபொருளோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு நாட்டின் தண்ணீரும் இன்னொரு நாட்டுக்குப் போகிறது என்பதை 1990-களின் தொடக்கத்தில் லண்டன் பேராசிரியர் டோனி ஆலன் எடுத்துச் சொன்னார். 2008-இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது. ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரி சுமார் 2,500 லிட்டர். 5 கிலோ பொன்னி மூட்டை என்றால் 12,500 லிட்டர். பினாங்கில் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 280 லிட்டர் புழங்குகிறோம். அந்த ஒரு மூட்டை நம் ஒன்றரை மாதக் குழாய்த் தண்ணீர். இப்படிச் சொன்னால் எவருக்கும் நெஞ்சில் குத்தும்.

ஆனால் இந்த 2,500 லிட்டர் எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் விட்டால் கணக்கு தவறாகிவிடும். வயலில் நேராகப் பெய்த மழையும் அதில் சேர்த்தி, அணைத் தண்ணீரும் சேர்த்தி, ஆயிரம் அடியிலிருந்து இழுத்ததும் சேர்த்தி. மழையைப் பயிர் குடிப்பதால் யாருக்கும் நட்டமில்லை. அணைத் தண்ணீர் அடுத்த ஆண்டு வந்துவிடும். நிலத்தடி நீரில், ஆண்டுதோறும் மழை நிரப்புவதற்கு மேல் எடுக்கும் பகுதி மட்டும் திரும்பி வராது. பொன்னி நீண்ட நாள் நெல், பெரும்பாலும் சம்பாப் பருவத்துப் பயிர். காவிரிப் படுகையில் வடகிழக்குப் பருவமழையும் மேட்டூர்த் தண்ணீரும் அதைத் தாங்குகின்றன. அதே படுகையில் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்காத ஆண்டுகளில் குறுவை நட்டவர்கள் போரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஒரே ஊர், ஒரே நெல் என்றாலும் தண்ணீர்க் கணக்கு வேறு.

பொன்னியைப் பற்றி ஒரு செய்தி, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது தைச்சுங் 65 என்ற ரகத்தையும் மாயாங் எபோஸ் 80 என்ற மலாய் மண்ணின் நெல்லையும் ஒட்டிப் பிறந்தது. அதே ஒட்டிலிருந்து இந்த நாட்டில் 1965-இல் மசூரி வெளியானது. தமிழ்நாட்டில் அது காவிரியின் பெயரைச் சூட்டிக்கொண்டு, நம் வீட்டு இட்லிக்கும் சோற்றுக்கும் பொன்னியாகக் கப்பலில் திரும்பி வருகிறது. விதை இங்கிருந்து போனது, அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வருகிறது.

ஏற்றுமதிதான் நிலத்தடி நீரைக் காலி செய்கிறதா? உலகளவில் ஒரு கணக்கு உண்டு. 2017-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வின்படி, பாசனத்துக்காக உறிஞ்சப்பட்டு மீண்டும் நிரம்பாத நிலத்தடி நீரில் சுமார் 11 விழுக்காடு பன்னாட்டு உணவு வணிகத்தில் போகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பாகிஸ்தான், அமெரிக்கா, இந்தியா என்ற மூன்று நாடுகளிலிருந்து போகிறது. பாகிஸ்தான் 29, அமெரிக்கா 27, இந்தியா 12 விழுக்காடு. இதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மீதி 89 விழுக்காடு அந்தந்த நாட்டு மக்களே தின்று உடுத்துவதற்காகப் போகிறது. 11 விழுக்காடு சின்ன எண் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் அது மொத்தமாக ஒரே பள்ளத்தாக்கின் மேல் விழுகிறது. பெருவின் இக்கா பாலைவனத்தில் மழையே கிடையாது என்று சொல்லலாம். அங்கே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்பராகஸ் போட ஆரம்பித்த பிறகு சிறு விவசாயிகளின் கிணறுகள் வற்றின, ஆழப் போர் போட முடிந்த பெரிய பண்ணைகள் நின்றன. ஸ்பெயினின் டொன்யானா சதுப்பு நிலம் ஸ்ட்ராபெரித் தோட்டங்களின் கிணறுகளால் வறண்டது. அதைக் காக்கத் தவறியதற்காக 2021-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சவூதி அரேபியா பாலைவனத்தடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்த நீரை எடுத்துக் கோதுமை விளைத்து, 1990-களின் தொடக்கத்தில் உலகின் முன்னணி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக நின்றது. 2008-இல் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்து 2016-இல் உள்நாட்டுக் கொள்முதலை முடித்துக்கொண்டது. எடுத்த தண்ணீர் எடுத்ததுதான்.

இந்தியாவின் கதை இவற்றிலிருந்து வேறு. அந்த நாடு ஆண்டுக்குச் சுமார் 240 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை எடுக்கிறது. உலகில் யாரும் அவ்வளவு எடுப்பதில்லை. பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் பாசனத்துக்கு. பஞ்சாபில் ஆண்டுக்கு நிரம்புவதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் எடுக்கிறார்கள். ராஜஸ்தான், பஞ்சாப், அரியானா மூன்றிலும் 2002 முதல் 2008 வரைக்குள் 109 கன கிலோமீட்டர் நீர் குறைந்ததை நாசாவின் செயற்கைக்கோள்கள் நிலத்தின் ஈர்ப்பு விசை குறைந்ததை வைத்தே கண்டுபிடித்தன. பஞ்சாபின் பாஸ்மதி வளைகுடாவுக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் அங்கே வயல்களை நிறைத்திருக்கும் மற்ற நெல்லை நிர்ணயித்த விலைக்கு அரசே வாங்கிக்கொள்கிறது. 1997-இல் மோட்டாருக்கு மின்சாரமும் இலவசமானது. விற்க முடியாது என்ற பயமும் இல்லை, இறைக்கச் செலவும் இல்லை. அப்புறம் யார் நிறுத்துவார்கள்? 2009-இல் பஞ்சாப் அரசு, ஜூன் 10-க்கு முன்னால் நாற்று நடக்கூடாது என்று சட்டம் போட்டது, கோடை வெயிலில் வயல் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்க. ஏற்றுமதியைத் தொடாமலேயே செய்த காரியம் அது. நான் மதிக்கும் சட்டம், போதாது என்றாலும்.

தமிழ்நாட்டிலும் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். உங்கள் மாமா வீட்டு மோட்டார் கொட்டகைக்குள் போனால் ஒரு பெட்டி இருக்கும், அதில் ஆட்டோ சுவிட்ச். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாததால் அதைப் போட்டே வைத்திருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு கரண்ட் வந்தாலும் மோட்டார் தானாக எழுந்து ஓடும். வெங்காயப் பாத்தி நிரம்பி வழிந்து வரப்பைத் தாண்டி ரோட்டோரம் ஓடுவதை நானே விடியற்காலையில் பார்த்திருக்கிறேன். விவசாயி தூங்கிக்கொண்டிருப்பார், குற்றம் அவர் மேல் இல்லை. இன்றைக்கு வந்த கரண்டை இன்றைக்கே பயன்படுத்தாவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதே வெடிப்பிலிருந்து இழுத்துக்கொள்வார். கமலை காலத்தில் மாடு களைத்தால் இறைப்பு நின்றது. மோட்டாருக்குக் களைப்பு இல்லை. மாநிலத்தின் பிர்க்காக்களில் (சில ஊர்களைச் சேர்த்த வருவாய்ப் பிரிவுகளில்) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 'அதிகம் எடுக்கப்பட்டவை' என்ற பட்டியலில் இருப்பதற்கு இது முதல் காரணம் என்பேன். சின்ன வெங்காயம் மலேசியாவுக்கு வருகிறதா, சென்னை கோயம்பேடு சந்தைக்குப் போகிறதா என்பது அதற்குப் பிறகுதான்.

தடை போட்டால் என்ன ஆகும் என்று நாமே பார்த்துவிட்டோம். 2023 ஜூலை 20-ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி டன் 2,350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3,200 வெள்ளிக்கு ஏறியது. எல்லாரும் உள்ளூர் அரிசிக்குப் பாய்ந்து, அந்த 26 வெள்ளி மூட்டை கடைகளில் காணாமலே போனது. டிசம்பர் 8-இல் வெங்காயத்துக்கும் தடை வந்தது, 2024 மே தொடக்கம் வரை நீடித்தது. பினாங்கு லிட்டல் இந்தியா கடைகளில் வெங்காயத்தை எண்ணி வாங்கினோம். அங்கே ஏற்கெனவே நட்டுவைத்த வெங்காயம் குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்தேவிட்டது. விலை மட்டும் விழுந்தது. விலை விழுந்தவர் அடுத்த பருவத்தில் தரிசாகப் போடுவதில்லை, மக்காச்சோளமோ பருத்தியோ போடுகிறார். மக்காச்சோளம் நாமக்கல் கோழிக்குத் தீனியாகிறது. முட்டைத் தட்டுப்பாட்டின்போது நாமும் நாமக்கல் முட்டையை இறக்கி வாங்கினோமே, அந்தக் கோழிக்குத்தான். ஒரு வாசலை அடைத்தால் தண்ணீர் இன்னொரு வாசலால் வந்துவிடுகிறது. ஆகவே இந்திய வெங்காயத்தை நிறுத்தினால் மாமாவுக்குக் கிடைக்கும் விலை குறையும், மோட்டார் ஓடும் நேரம் குறையாது.

இன்னொன்றும் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். நாமும் ஏற்றுமதி நாட்டில்தான் இருக்கிறோம். இங்கே மழைக்குப் பஞ்சமில்லை, செம்பனைக்கு யாரும் போர் போட்டு இறைப்பதில்லை. இங்கே நடப்பது தலைகீழ்: நிலத்தடி நீரை வேண்டாம் என்று வடியவிடுகிறோம். கோல லங்காட் பக்கத்துக் கரிச்சதுப்பு நிலத்தில் சில ஆண்டுகள் வடிகால் வேலை பார்த்தேன். கரிச்சதுப்பு என்றால் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்காமல் கிடக்கும் இலையும் வேரும் மரமும்தான், அதில் பெரும்பகுதி தண்ணீர். செம்பனையின் வேர் அழுகாமல் இருக்க நீர்மட்டத்தை அரை மீட்டருக்கும் கீழே இறக்க வேண்டும். அதற்காகக் கால்வாய் வெட்டியதும் காய்ந்த மண் அமுங்கி, காற்றுப் பட்டு மக்கி கரியமில வாயுவாகப் போகிறது. முதல் ஐந்து ஆண்டுகளில் தரை ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும், பிறகு ஆண்டுக்கு நாலைந்து சென்டிமீட்டர். ஒரு தோட்ட வீட்டில் வாசலுக்கு இரண்டு படி கட்டியிருந்தார்கள். நான் போனபோது ஐந்து படி. வீடு கீழே வரை அடித்த கட்டைகளின் மேல் நின்றது, தரைதான் இறங்கியிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி, "நாங்க உசரலப்பா, பூமி எங்கள விட்டுட்டுப் போகுது" என்றார். அதே காய்ந்த கரிதான் கோடையில் புகைந்து கிள்ளான், ஜோஹான் செத்தியா பக்கம் புகைமூட்டம் தருகிறது.

அந்தச் செம்பனை எண்ணெய் எங்கே போகிறது? பெரிய வாடிக்கையாளர் இந்தியா. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்ததுதான். மாமா வீட்டுப் பலகாரம் பொரிகிற எண்ணெய்க்கு இங்கே தரை இறங்குகிறது, நம் சாம்பாருக்கு அங்கே கிணறு இறங்குகிறது. யார் யாரைக் குறை சொல்வது? வாங்குவதை நிறுத்துவதைவிட, அந்தந்த மண்ணில் கணக்கு வைக்க வைப்பதுதான் வேலை என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். ஆழக் கரிச்சதுப்பில் புதிதாக நடாதே, நட்டதில் நீர்மட்டத்தை வேருக்குப் போதுமான அளவுக்கு உயர்த்தி வை, இவை இங்கே நடக்க வேண்டியவை. செம்பனைக்கான பன்னாட்டு நிலைத்தன்மைச் சான்று (RSPO) 2018 முதல் கரிச்சதுப்பில் புது நடவை ஏற்பதில்லை. அந்த அளவுக்கு வாங்குபவரின் குரலுக்குப் பலன் உண்டு.

அங்கே என்ன நடக்க வேண்டும்? சொட்டுநீர் போட்டால் தீர்ந்தது என்று பலர் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிகளுக்கு அதற்கு முழு மானியமே உண்டு, மாமா இன்னும் போடவில்லை என்றால் உடனே போடச் சொல்லுங்கள். ஆனால் மிச்சமான தண்ணீரில் இன்னும் அரை ஏக்கர் சேர்த்து நட்டுவிட்டால் கிணற்றுக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது. நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள், அவர்கள் நிலையில் நானும் செய்திருப்பேன். பிரிவினைக்கு முந்தைய ஆந்திராவின் ஏழு வறண்ட மாவட்டங்களில் விவசாயிகளே தங்கள் கிணறுகளை அளந்தார்கள். ஊர் கூடி, இந்த மழைக்கு நம்மிடம் இவ்வளவு தண்ணீர், இதற்கு எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் தாங்கும் என்று சுவரில் எழுதிக் கணக்குப் போட்டார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. எண் கண்ணுக்குத் தெரிந்ததும் பலர் நெல்லைக் குறைத்துக்கொண்டார்கள். என் அனுபவத்தில் மனிதரை மாற்றியது இதுபோன்ற எண்தான்.

அதனால் மாமாவுக்கு அனுப்ப நினைத்த பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கில் பழைய திறந்த கிணற்றைத் தூர் வாரி, தோட்டத்து மழைநீர் வடிகட்டி அதில் இறங்கும்படி வாய்க்கால் போடட்டும். கலங்கிய தண்ணீரை நேராக விட்டால் வெடிப்புகள் அடைத்துக்கொள்ளும், மணலும் சரளையும் போட்ட குழி வேண்டும். இன்னொரு பங்கில் பண்ணைக் குட்டை. தைக்குப் பிறகு வெங்காயப் பரப்பைப் பாதியாக்கி, மீதியில் உளுந்தோ கம்போ போட்டால் வருமானம் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்துக்கு நீங்கள் கைகொடுத்தால் 1,000 அடிக் கடனைவிட மலிவாக முடியும்.

நீங்கள் பினாங்கில் சின்ன வெங்காயம் வாங்குங்கள், அழுகவிடாமல் வாங்குங்கள். உரிக்க நேரமில்லாமல் கூடையில் முளைவிட்டுப் போகும் அரைக் கிலோவும் 150 லிட்டர்தான்.

அடுத்த முறை மாமா அழைக்கும்போது மூன்று எண் கேட்டு வாங்குங்கள். திறந்த கிணற்றில் சித்திரை முடிவில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, கார்த்திகை மழை ஓய்ந்ததும் எத்தனை அடிக்கு ஏறுகிறது, ஐந்து ஆண்டுக்கு முன்னால் கார்த்திகையில் எங்கே நின்றது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினாலே போதும், நாடா வேண்டாம். இந்த மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். எத்தனை ஏக்கர் வெங்காயம் அந்தக் கிணறு தாங்கும் என்று உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.